கண் எழுத்தில் இருக்கட்டும்: பாட்டை உரக்கப் படித்து வாசிப்பைச் சரளமாக்கும் வழி

திருமங்கலத்திலிருந்து உசிலம்பட்டி போகும் சாலைக்குப் பக்கத்தில் உள்ள ஓர் ஊரில், மந்தையை ஒட்டிய சமுதாயக் கூடத்தில் மாலை வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்கள் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். தொடங்கிய முதல் வாரம், ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் பாடநூலில் உள்ள செய்யுள் ஒன்றைக் கணீரென்று படித்துக் காட்டினான். ஓர் இடத்திலும் தடங்கல் இல்லை. அருகில் போய்ப் பார்த்தேன். அவன் கையில் திறந்திருந்தது வேறு பக்கம். அந்தப் பக்கத்தின் முதல் வரியைப் படிக்கச் சொன்னபோது குரல் அடங்கிவிட்டது. ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, நான்கு சொல் தாண்டுவதற்குள் காது சிவந்துவிட்டது.

நம் பிள்ளைகளுக்குப் பாட்டைச் சொல்லத் தெரியும். பாட்டைப் படிக்கத்தான் பலருக்குத் தெரியாது. பாட்டைக் கொண்டு வாசிப்பைச் சரளமாக்க வேண்டுமென்றால், பாட்டு வாயில் ஏறும்போது கண் எழுத்தை விட்டு நகரக் கூடாது. இந்தக் கட்டுரையில் சொல்லப்போகும் எல்லாப் படிகளும் இந்த ஒன்றுக்காகத்தான். ஆசிரியர்கள், தன்னார்வலர்கள், வீட்டில் பிள்ளையை உட்காரவைத்துப் படிக்கச் சொல்லும் பெற்றோர் என யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஒரு நாளைக்கு இருபது நிமிடம் போதும்.

எதற்காகப் பாட்டு?

சரளமான வாசிப்பு என்பது வேகம் மட்டும் இல்லை. சொல்லைப் பிழையில்லாமல் படிப்பது, இழுபறி இல்லாத வேகத்தில் படிப்பது, பொருளுக்குத் தகுந்த ஏற்ற இறக்கத்தோடு படிப்பது ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் சரளம். எழுத்துக் கூட்டுவதிலேயே மனம் முழுவதும் செலவாகிவிட்டால் பொருளைப் பிடிக்க மிச்சம் ஒன்றும் இருக்காது. சாமுவேல்ஸ் என்ற அமெரிக்கக் கல்வி உளவியலாளர் 1979இல் இதற்கு ஓர் எளிய வழியை எழுதினார். 50 முதல் 200 சொல் வரை உள்ள சிறு பகுதியை, சரளம் வரும்வரை பிள்ளை திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும். அதன் பிறகே அடுத்த பகுதி. 2000இல் அமெரிக்காவில் வாசிப்பு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த நிபுணர் குழுவும், ஒருவர் உடனிருந்து வழிகாட்ட, உரக்கத் திரும்பப் படிப்பது பலன் தருகிறது என்றே சொன்னது.

ஆனால் பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் ஒரே உரைநடைப் பத்தியை ஐந்து முறை படி என்றால், அதைத் தண்டனை என்றுதான் எடுத்துக்கொள்வான். பாட்டு அப்படி இல்லை. திரும்பச் சொல்லத்தான் பாட்டே இருக்கிறது. நம் ஊரில் முளைப்பாரிக்குக் கும்மி கொட்டும்போது ஒருத்தி முன்பாட்டு எடுப்பாள், மற்றவர்கள் பின்பாட்டாக வாங்கிப் பாடுவார்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் வர்ணிப்புப் பாடும் கூட்டத்தைப் பிள்ளைகள் கேட்டு வளர்ந்திருக்கிறார்கள். ஒருவர் சொல்ல மற்றவர் வாங்கிச் சொல்லும் பழக்கம் அவர்கள் இரத்தத்தில் இருக்கிறது. அந்தப் பழக்கத்துக்கு நடுவில் ஒரு தாளை வைப்பதுதான் நம் வேலை.

முதல் படி: ஒவ்வொருவரையும் தனியாகக் கேளுங்கள்

வகுப்பைத் தொடங்குமுன், பிள்ளை இதுவரை பார்க்காத ஒரு பத்தியைக் கொடுத்து ஒரு நிமிடம் படிக்கச் சொல்லுங்கள். பிழையில்லாமல் படித்த சொற்களை எண்ணித் தேதியோடு குறித்துவையுங்கள். இதை மற்ற பிள்ளைகள் இல்லாத இடத்தில் செய்ய வேண்டும். முதல் ஆண்டு நான் எல்லார் முன்னிலையிலும் வரிசையாகப் படிக்கச் சொன்னேன். நன்றாகத் திணறிய ஒரு பையன் மறுநாளிலிருந்து வரவில்லை. அவனைத் திரும்ப அழைத்துவர இரண்டு மாதம் ஆனது. தவறு முழுக்க என்னுடையது.

ஆங்கிலத்துக்கு வகுத்த நிமிடக் கணக்கைத் தமிழுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். 'படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு' என்பது நமக்கு ஒரே சொல். பிள்ளையை அவனுடைய பழைய கணக்கோடு மட்டும் ஒப்பிட்டால் போதும்.

இந்தச் சோதனையில் எழுத்தே பிடிபடாத பிள்ளை ஒருவர் இருவர் தெரிவார்கள். உயிர்மெய்க் குறிகளில் தடுமாறுகிறவர்களுக்கு முதலில் எழுத்துப் பயிற்சிதான் வேண்டும். அவர்களைப் பாட்டு வகுப்பிலும் உட்காரவையுங்கள், ஆனால் பாட்டு மட்டுமே அவர்களைக் கரையேற்றிவிடும் என்று நம்பியிருக்காதீர்கள்.

இரண்டாம் படி: பாட்டைத் தேர்ந்தெடுப்பது

இங்கேதான் புதிதாக வருகிறவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். பாட்டு என்றதும் கை திருக்குறளுக்குப் போகிறது. குறள் சிறியது, இரண்டே அடி, ஏழே சீர். அதனால் எளிது என்று நினைக்கிறோம். 12ஆம் குறளை எடுத்துக்கொள்ளுங்கள்:

துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கித் துப்பார்க்குத்
துப்பாய தூஉம் மழை

'துப்பாக்கி' வந்ததும் வகுப்பு சிரிக்கும். சிரிக்கட்டும், அதில் தவறில்லை. சிக்கல் இரண்டாம் அடியில் இருக்கிறது. 'துப்பு' என்பதோடு சேர்ந்து வரும் 'ஆயதூஉம்' ஒரே சொல். சீர் கணக்குக்காக அச்சில் 'துப்பாய', 'தூஉம்' என்று இரண்டாக நிற்கிறது. நடுவில் தனியாக ஓர் 'உ' வேறு. எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை தன் கண்ணில் படும் இடைவெளியை நம்பித்தான் சொல்லைப் பிரிக்கிறான். அந்த இடைவெளி அவனை ஏமாற்றினால் அவன் எதை நம்புவான்? குறளும் வெண்பாவும் பொக்கிஷம்தான். ஆனால் முதல் இரண்டு மாதம் வேண்டாம். பிறகு கொடுக்கும்போது சீர் பிரித்த வடிவத்தையும் சொல் பிரித்த வடிவத்தையும் ஒரே தாளில் மேலும் கீழுமாக எழுதிக் கொடுங்கள். மதுரையைப் பாடுகிறதே என்று 782 அடி மதுரைக்காஞ்சிக்குப் போக ஆசை வரும். அது மேல்வகுப்புக்கு.

தொடக்கத்துக்கு ஏற்ற பாட்டு எப்படி இருக்க வேண்டும்? பத்து முதல் பதினாறு வரி. சொல்லுக்குச் சொல் தெளிவான இடைவெளி. எதுகையும் இயைபும் காதில் விழ வேண்டும். சொற்களில் பெரும்பாலானவை பிள்ளை பேசும் சொற்களாக இருக்க வேண்டும். புதுச்சொல் நாலைந்துக்கு மேல் வேண்டாம். முக்கியமாக, குழந்தைப் பாட்டாக இருக்கக் கூடாது. மீசை அரும்பும் வயதில் நாய்க்குட்டிப் பாட்டைக் கொடுத்தால் அவமானப்படுவான். படிக்கத் தெரியாதவனுக்கு வாழ்க்கை தெரியாது என்று பொருள் இல்லை. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் விடியற்காலையில் வீட்டாரோடு மல்லிகைத் தோட்டத்துக்குப் போய்விட்டுத்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

பாரதியின் பாடல்கள் 1949இலேயே நாட்டுடைமையாகிவிட்டதால் தாராளமாகப் படியெடுத்துக் கொடுக்கலாம். 'காணி நிலம்' இந்த வயதுக்கு நல்ல தொடக்கம். அந்தப் பாரதியே 1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதம் தமிழாசிரியராக இருந்தவர் என்று சொன்னால் பிள்ளைகளின் முகத்தில் ஒரு மலர்ச்சி வரும். பெரியார் பேருந்து நிலையத்துக்குப் போகிறவர்களுக்கு அந்தப் பள்ளியைத் தெரியும். நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர் பகுதி இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளையே அழைத்துப்போய்ப் பாட்டுத் தேடவிடலாம்.

எதுவும் பொருந்தவில்லை என்றால் நீங்களே எழுதுங்கள். கவிஞராக இருக்க வேண்டியதில்லை. எங்கள் வகுப்புக்காக நான் எழுதியது இது:

விடியும் முன்னே தோட்டம் போனோம்
வெள்ளை மொட்டுக் கிள்ள
மடியில் கட்டிய துணியில் மொட்டு
மலையாய் ஏறும் மெள்ள

தம்பி பிடித்த டார்ச்சின் வெளிச்சம்
தரையில் ஆடி ஓடும்
கம்பி வேலி மேலே குந்திக்
கரிச்சான் ஒன்று பாடும்

எடையைப் போடும் தராசுத் தட்டில்
எங்கள் மொட்டுத் தூங்கும்
கடையில் அண்ணன் எழுதும் கணக்கைக்
கண்கள் கூர்ந்து வாங்கும்

மொத்தம் 42 சொல். சரளமாகப் படித்தால் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். திணறுகிறவனுக்கும் மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகாது. முடித்தேன் என்ற நிம்மதி அன்றே கிடைத்துவிடும். கீழே சொல்லும் படிகளை இந்தப் பாட்டை வைத்தே விளக்குகிறேன்.

மூன்றாம் படி: பெரிய எழுத்தில் ஒன்று, கையில் ஒன்று

சார்ட் தாளில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிச் சுவரில் மாட்டுங்கள். கடைசி வரிசைக்கும் தெரியும் அளவில், சொற்களுக்கு நடுவே இரண்டு விரல் இடைவெளி விட்டு எழுத வேண்டும். அதே பாட்டைப் பெரிய எழுத்தில் தட்டச்சு செய்து ஆளுக்கொரு ஜெராக்ஸ் கொடுங்கள். இருவருக்கு ஒன்று என்று மிச்சம் பிடிக்க வேண்டாம். தாள் தன் கையில் இல்லாத பிள்ளை கேட்டுத்தான் சொல்லும், படிக்காது. ஒட்டிவைக்க ஒரு நோட்டு இருந்தால் ஆண்டு முடிவில் அது அவர்களுடைய சொந்தப் பாட்டுப் புத்தகமாகிவிடும்.

நான்காம் படி: ஒரு பாட்டுக்கு ஒரு வாரம்

திங்கட்கிழமை நீங்கள் படிக்கிறீர்கள். பாடாதீர்கள், படியுங்கள். மெட்டுப் போட்டால் பிள்ளைகள் மெட்டைப் பிடித்துக்கொண்டு எழுத்தை விட்டுவிடுவார்கள். முதல் முறை அவர்கள் கேட்கட்டும். இரண்டாம் முறை சுவரில் உள்ள சார்ட்டில் குச்சியால் சொல்லுக்குச் சொல் தொட்டுக்கொண்டே படியுங்கள். மூன்றாம் முறை அவரவர் தாளில் விரல் வைத்துப் பின்தொடரட்டும். பெரிய பிள்ளைகள் விரல் வைக்கக் கூச்சப்படுவார்கள். பென்சிலையோ தீக்குச்சியையோ வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், கூச்சம் போய்விடும். பிறகு இரண்டு நிமிடம் பேச்சு: கரிச்சான் எந்த நேரத்தில் கத்தும், கணக்கு எழுதும்போது எதற்குக் கூர்ந்து பார்க்க வேண்டும். பொருள் தெரியாமல் ஏற்ற இறக்கம் வராது.

செவ்வாய்க்கிழமை முன்பாட்டு, பின்பாட்டு. நீங்கள் இரண்டு வரி படிக்க, அவர்கள் அதே இரண்டு வரியைப் படிக்கிறார்கள். ஒவ்வொரு வரியாகப் போவதைவிட இரண்டு வரியாகப் போவது நல்லது. ஒற்றை வரியைக் காதில் வைத்தே திருப்பிச் சொல்லிவிடலாம்; இரண்டு வரி என்றால் கண் தாளுக்குப் போயே ஆக வேண்டும். கும்மிபோல் வட்டமாக நின்று செய்தால் கடைசி வரிசை என்று ஒன்று இருக்காது.

புதன்கிழமை சேர்ந்து படித்தல். எல்லாரும் ஒரே நேரத்தில், உங்கள் குரலும் சேர்ந்து. முதல் முறை உங்கள் குரல் ஓங்கி இருக்கட்டும். இரண்டாம் முறை தணியுங்கள். மூன்றாம் முறை உதட்டை மட்டும் அசையுங்கள். திணறும் பிள்ளைக்கு இந்த நாள் மிகப் பெரிய அடைக்கலம். தெரியாத சொல்லில் அவன் குரல் தாழும், தெரிந்த சொல்லில் மேலே வரும், யாருக்கும் தெரியாது. நீங்கள் மட்டும் பக்கத்தில் நின்று எந்தச் சொல்லில் குரல் தாழ்கிறது என்று கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். குரல் உடையும் வயதுப் பையன்களை ஒரு குழுவாக்கி, இரண்டாம் பத்தியை அவர்களுக்கே கொடுத்துவிடுங்கள். எல்லாக் குரலும் கரகரக்கும்போது யாரும் யாரையும் கேலி செய்வதில்லை.

வியாழக்கிழமை இருவர் இருவராக. நன்றாகப் படிக்கும் பிள்ளையையும் மிகவும் திணறும் பிள்ளையையும் ஜோடி சேர்க்காதீர்கள். ஒருவனுக்குப் பொறுமை போய்விடும், மற்றவனுக்கு மானம் போய்விடும். கொஞ்சம் முன்னே இருப்பவரோடு கொஞ்சம் பின்னே இருப்பவர் போதும். அண்ணன் தம்பியை, அக்கா தங்கையை ஒரே ஜோடியாக உட்காரவைக்க வேண்டாம். கேட்கிறவருக்கும் வேலை உண்டு. தாளில் விரல் வைத்துத் தொடர வேண்டும், நண்பன் நின்றுவிட்டால் மனத்துக்குள் மூன்று எண்ண வேண்டும், அப்போதும் வரவில்லையென்றால் சொல்லைச் சொல்லிவிட வேண்டும். ஆளுக்கு மூன்று முறை.

வெள்ளிக்கிழமை அரங்கேற்றம். தனியாகவோ, ஜோடியாகவோ, பத்திக்கு ஒருவராகவோ, விருப்பம்போல. தாள் கையில் இருந்தே ஆக வேண்டும். மனப்பாடமாகத் தெரியும் என்று தாளைக் கீழே வைக்கிறவரை அன்போடு திரும்ப எடுக்கச் சொல்லுங்கள்.

பூ வரத்து அதிகமான மாதங்களில் பிள்ளைகள் சாயங்காலம் தூங்கி வழிவார்கள். அந்த நாட்களில் சேர்ந்து படித்தலை மட்டும் பத்து நிமிடம் செய்து அனுப்பிவிடுகிறேன். பங்குனிப் பொங்கலுக்கு மைக்செட் அலறும் வாரத்தில் ஜோடி வாசிப்பைத் தவிர வேறு எதுவும் நடக்காது. தை பிறந்து அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று வாடிவாசல் திறந்துவிட்டால் அந்த வாரத்தையே விட்டுவிட்டு, அடுத்த வாரம் பழைய பாட்டு ஒன்றோடு தொடங்குங்கள்.

ஒற்றெழுத்தைச் சுட்டிக் காட்டுங்கள்

இதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு இது தாமதமாகத்தான் புரிந்தது. திணறும் பிள்ளை எல்லா இடத்திலும் நிற்கும். 'வெள்ளை. மொட்டுக். கிள்ள.' சேர்த்துப் படி என்று நூறு முறை சொன்னாலும் எதை எதோடு சேர்ப்பது என்று அவனுக்குத் தெரியாது. ஆனால் தமிழ் எழுத்திலேயே அதற்கு அடையாளம் இருக்கிறது. 'மொட்டுக் கிள்ள' என்பதில் நடுவில் நிற்கும் க் என்ன செய்கிறது? அடுத்த சொல்லின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அங்கே நிற்காதே என்று சொல்கிறது. வல்லினம் மிகும் இடங்களை நாம் இலக்கணத் தேர்வுக்கான விதியாகச் சொல்லிக் கொடுத்துவிட்டோம். வாசிக்கிறவனுக்கு அது கைகாட்டி மரம்.

பாட்டில் இரண்டு இடத்தில் இந்த ஒற்று வரியின் கடைசியில் நிற்கிறது: 'மேலே குந்திக்', 'எழுதும் கணக்கைக்'. பிள்ளைகளைச் சிவப்புப் பென்சிலால் அந்த க் இரண்டையும் வட்டமிடச் சொன்னேன். வரி முடிந்தாலும் மூச்சு முடியக் கூடாது. அடுத்த வரியின் 'கரிச்சான்' வரை குரல் போக வேண்டும். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி படித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, வரி உடைந்திருக்கிறது, ஆனால் பேச்சு உடையவில்லை" என்றாள். அன்றைக்கு வேறு எதையும் நடத்தவில்லை. எல்லாரும் பாடநூலை எடுத்து, ஒற்று எங்கெல்லாம் கை பிடித்திருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார்கள்.

பிழையைத் திருத்துவது

எல்லாப் பிழையும் ஒன்றல்ல. 'போனோம்' என்பதை 'போனம்' என்று படித்தால், எழுத்தைப் பார்த்துப் பொருளைப் பிடித்துத் தன் வீட்டுப் பேச்சில் சொல்லியிருக்கிறான். அந்த இடத்தில் நிறுத்தாதீர்கள். முடித்த பிறகு ஒரு முறை காட்டினால் போதும். 'தரையில்' என்பதை 'தலையில்' என்று படித்தால் பொருளே மாறுகிறது. அதைத் திருத்தியாக வேண்டும். அப்போதும் இடைமறிக்காமல் வரி முடியும்வரை காத்திருந்து, "வெளிச்சம் எங்கே ஆடியது?" என்று கேளுங்கள். பெரும்பாலும் தானே திரும்பிப் பார்த்துத் திருத்திக்கொள்வான்.

எங்கள் பக்கத்தில் பலருக்கு ழகரம் ளகரமாகத்தான் வரும். 'எழுதும்' என்பது 'எளுதும்' ஆகும். இதற்காக ஓட்டத்தை வெட்டாதீர்கள். வகுப்புத் தொடங்கும்போது இரண்டு நிமிடம் வாழைப்பழத்தில் வழுக்கி விழுந்த கிழவனைப் பற்றிய நாநெகிழ் பயிற்சியை வைத்துக்கொண்டால் நாக்கும் பழகும், சிரித்துக்கொண்டே வகுப்பும் தொடங்கும்.

மனப்பாடம் ஆகிவிட்டதா என்று சோதிப்பது

வியாழக்கிழமைக்குள் பாதிப் பேருக்குப் பாட்டு மனப்பாடமாகிவிடும். அது கெடுதல் இல்லை, ஆனால் கண் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நான் செய்வது மூன்று. பாட்டின் நடுவில் ஏதாவது ஒரு சொல்லைத் தொட்டு, அதை மட்டும் படிக்கச் சொல்வேன். முதல் வரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டு வந்து அந்தச் சொல்லைப் பிடிக்கிறவன் படிக்கவில்லை. வரிகளைத் தனித்தனிச் சீட்டாக வெட்டிக் கலைத்து அடுக்கச் சொல்வேன். பிறகு பாட்டின் சொற்களையே எடுத்துப் புது வாக்கியம் எழுதிக் கொடுப்பேன்: 'அண்ணன் பிடித்த டார்ச்சின் வெளிச்சம் கம்பி வேலி மேலே ஓடும்.' மனப்பாடத்தை நம்புகிறவன் இதில் 'தம்பி' என்று தொடங்கிவிடுவான். எழுத்தைப் பார்க்கிறவன் 'அண்ணன்' என்பான். கலகலப்பான விளையாட்டு, உண்மையான சோதனையும் இதுதான்.

அப்பத்தாவின் பாட்டைத் தாளுக்குக் கொண்டுவருவது

இரண்டாம் மாதம் இதைச் செய்யுங்கள். வீட்டில் உள்ள அப்பத்தாவிடமோ அம்மாச்சியிடமோ ஒரு தாலாட்டையோ நடவுப் பாட்டையோ கும்மிப் பாட்டையோ கேட்டு, எட்டு வரி எழுதிவரச் சொல்லுங்கள். எழுதும்போதே பிள்ளை ஒவ்வொரு சொல்லையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தப் பாட்டுகள் பேச்சுமொழியில்தான் இருக்கும். அப்படியே இருக்கட்டும், திருத்த வேண்டாம். எங்கள் கூடத்துக்கு ஓர் அப்பத்தா பேத்தியோடு வந்து, தான் பாடியது சார்ட்டில் எழுதியிருப்பதைப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. பேத்தி குச்சியால் தொட்டுத் தொட்டுப் படிக்க, அவர் கூடவே சொல்லிக்கொண்டு வந்தார். ஓர் இடத்தில் பேத்தியை நிறுத்தி, "நான் அப்படிச் சொல்லவில்லையே தாயி" என்றார். பார்த்தால் ஒரு சொல் விடுபட்டிருந்தது. அந்தப் பெண் அதை எழுதிச் சேர்த்து மறுபடி முதலிலிருந்து படித்தாள். நாங்கள் யாரும் கேட்காமலேயே நான்கு முறை படித்துவிட்டாள்.

அளந்து பார்ப்பது, உரைநடைக்கு மாறுவது

நான்கு வாரத்துக்கு ஒரு முறை அதே ஒரு நிமிடச் சோதனையைப் புதிய பத்தி ஒன்றில் வையுங்கள். பழகிய பாட்டில் வேகம் கூடுவது இயல்பு; பார்க்காத பத்தியில் கூடுகிறதா என்பதுதான் கேள்வி. கைப்பேசியில் பதிவு செய்து பிள்ளைக்கே போட்டுக் காட்டலாம். தன் ஜூன் மாதக் குரலை ஆகஸ்டில் கேட்கும் பிள்ளைக்கு வேறு பாராட்டு தேவைப்படாது. வீட்டாரிடம் கேட்டுவிட்டுப் பதியுங்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள், ஆண்டு முடிவில் அழித்துவிடுங்கள்.

மூன்றாம் மாதத்திலிருந்து வாரத்தில் இரண்டு நாள் உரைநடைக்குக் கொடுங்கள். படிகள் அதேதான்: நீங்கள் படித்துக் காட்டுவது, சேர்ந்து படிப்பது, ஜோடியாகப் படிப்பது. பத்தியை மூச்சு விடும் இடங்களில் உடைத்து, பாட்டுபோல வரி வரியாக எழுதிக் கொடுத்தால் தாவுவது எளிதாகிறது. இரண்டு வாரம் கழித்து அதே பத்தியை உடைக்காமல் கொடுங்கள்.

பத்தி எங்கிருந்து எடுப்பது என்று நான் தேடிக்கொண்டிருந்தபோது, வேறு பக்கத்தைத் திறந்துவைத்துச் செய்யுள் சொன்ன அந்தப் பையன் சட்டைப்பையிலிருந்து பூக்கமிஷன் கடைச் சீட்டு ஒன்றை எடுத்தான். எடை, விலை, கழிவு, பாக்கி என்று நுணுக்கி எழுதிய சீட்டு. விரலை வைத்து, ஒவ்வொரு வரியாக, நின்று நின்று படித்தான். ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டான். பக்கத்தில் இருந்தவள் மூன்று எண்ணிவிட்டு, "கழிவு" என்றாள். இப்போது சனிக்கிழமைகளில் அந்தச் சீட்டுகளையும் பஞ்சாயத்து அறிவிப்புகளையும்தான் படிக்கிறோம். யார் வீட்டுச் சீட்டு என்பது தெரியாதபடி பெயரை மட்டும் மறைத்துவிட்டு.